மழையில் காட்டிய வீடு

வெயிலடிக்கிற நாளாகப் பார்த்துத்தான் ஆல்வின் வீடு காட்டுவான். புரோக்கர் தொழிலில் அவன் கற்ற பாடம் அது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அவன் விற்றுக்கொடுத்த வீடுகளில் ஒன்றுகூட அவன் காட்டிய அன்று ஒழுகியதில்லை.

அப்படிப்பட்டவனுக்கு மம்சாபுரத்து அழகுத்தாய் வீடு விற்க வந்து வாய்த்தாள். ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. "யக்கா, மழை விடட்டும். பொறவு ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்று போனில் சொன்னான்.

"இப்பமே வாங்க தம்பி. ஒழுகுற வீட்ட ஒழுகும்போதுதான காட்டணும்."

ஆல்வின் தலையில் அடித்துக்கொண்டான். அவசரம் அவளுக்குத்தான். அவளும் புருஷன் வேல்பாண்டியும் பல வருஷமாகக் குத்தகைக்குப் பார்க்கும் மாந்தோப்பை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். தைக்குள் இவர்கள் வாங்காவிட்டால் அது வேறு கைக்குப் போய்விடும். வளர்த்த மரங்களுக்காகக் குடியிருக்கும் வீட்டையே விற்றுவிட்டு, தோப்பு மோட்டார் ரூமில் படுத்துக்கொள்ளத் துணிந்தவள் அவள். வாங்க வருகிறவர்களை இப்படி விரட்டலாமா?

சேக் முகைதீனும் அவர் மனைவி நூர்பானுவும் குடையோடு வந்து இறங்கினார்கள். ராஜபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு முன்னால் உள்ளே போன ஆல்வினுக்குப் பகீரென்றது. கூடத்தின் நடுவே அண்டாவை வைத்திருந்தாள் மகராசி. மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தளம் இந்த எடத்துல ஒழுகும். தெருத்தண்ணி வாசப்படி வரைக்கும் ஏறும், உள்ள வராது. சித்திரையில கெணத்துல தரை தெரியும்." கல்யாணப் பெண்ணின் நகையைக் காட்டுகிறவள்போல ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனாள்.

ஆல்வின் பேச்சை மாற்றப் பார்த்தான். நடக்கவில்லை. நூர்பானுவோ சுவர் சுவராகத் தொட்டுப் பார்த்தாள். வீடும் போச்சு, தோப்பும் போச்சு என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

"நாங்க பாத்த வீடெல்லாம் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்துச்சுக்கா" என்றாள் நூர்பானு கடைசியில். "எங்க ஒழுகும்னு குடிவந்த பொறவுதான் தெரியும். இங்க இப்பவே தெரிஞ்சுபோச்சு. எனக்கு இந்த வீடு போதும்."

ஆல்வின் அழகுத்தாயைப் பார்த்தான். இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு நெஞ்சுரம்! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

சேக் முகைதீன் அவன் பக்கம் திரும்பினார். "வேற கொறை ஏதும் இருக்கா அண்ணாச்சி?"

இந்தக் கேள்விக்கு 'ஒண்ணுமில்ல' என்பதைத் தவிர வேறு பதில் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

"இருக்கு பாய்" என்றான். "கெழக்குச் சுவரு பொதுச்சுவரு. மாடி எடுக்கணும்னா பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிக்கணும்."

சொன்ன பிறகு அவனுக்கே திக்கென்றது. மாடி கட்டும் நினைப்பே இல்லாத அழகுத்தாய்க்கு இது தோன்றியிருக்கவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அவனைத் தடுக்கவில்லை.

சேக் முகைதீன் போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "மகன் கல்யாணத்துக்குப் பொறவுதான் மாடி. அதுக்குள்ள அவியளோட பழகிர மாட்டமா? வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தாரேன்."

"ஏங்க!" வாசலில் நின்ற வேல்பாண்டியைக் கூப்பிட்டாள் அழகுத்தாய். "தோப்புக்காரருக்குப் போனப் போடுங்க. மரமெல்லாம் நமக்குத்தான்னு..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.