சோர்வில்லாத மூன்றாம் நாள்

கூடத்து நாற்காலிகளை அவள் நான்காவது முறையாக இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது, மருத்துவமனை வண்டி பின்னோக்கி வந்து வாசலில் நின்றது.

"தலைப்பக்கம் முதல்ல, பாத்து. அந்த மேஜையை இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. ஏங்க, விசிறியை நிறுத்துங்க, துணி பறக்குது பாருங்க."

அண்ணன் உடலை இறக்கியவர்கள் அவள் சொன்னபடியே செய்தார்கள்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூடும் சத்தத்தை வைத்தே எந்தத் தளத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். அதனால் கூட வேலை செய்தவர்களுக்கு அவன் 'காது'. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பத்து வருடமாகத் தங்கை வீட்டு மாடி அறையில்தான் இருந்தான். மூன்று நாள் நிமோனியாவோடு போராடிவிட்டு அன்று காலை ஆறரைக்குப் போய்விட்டான். அந்த மூன்று நாளும் அவள் அவன் கட்டிலருகே இருந்த நாற்காலியை விட்டு நகரவில்லை.

"பொட்டுக் கண் மூடலையாம்" என்று சித்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வந்ததும் அறுபது பேருக்கு போன் போட்டா. சமையலறை அலமாரியெல்லாம் துடைச்சிட்டா. எப்படித்தான் தாங்குறாளோ!"

தண்ணீர்த் தட்டோடு போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

மூன்று நாள். கால் வலிக்கவில்லை. கண் எரியவில்லை. கொட்டாவிகூட வரவில்லை. உடம்பு லேசாக, கழுவிவிட்டதுபோல இருந்தது. தட்டை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். முன்பு ஒரு நர்ஸ் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது.

அண்ணனுக்குப் பதினோரு வருடம் மனச்சோர்வு என்றுதான் வைத்தியம் நடந்தது. மாத்திரை மாறும், டாக்டர் மாறுவார், அவன் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். பிறகு, இப்படி மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களை வைத்து ஒரு பெரிய மருத்துவமனையில் ஆராய்ச்சி நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கே வந்து, நோயாளியை விட்டுவிட்டு வீட்டாரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்.

"தூங்காமலே, ஆனா சோர்வே இல்லாம இருந்த நாள் ஏதாவது உண்டா?"

"ஓ, அதெல்லாம் அண்ணன் நல்லா இருக்கிற நாளுங்க" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு தடவை ரெண்டே நாள்ல இந்தக் கட்டடத்து விசிறியெல்லாம் கழட்டித் துடைச்சு மாட்டிட்டான். யாருமே கேக்கல!"

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பதிலில்தான் நோயின் பெயரே மாறியது. இது பைபோலார், மனம் தாழ்வது மட்டும் இல்லை, அளவுக்கு மீறி ஏறுவதும் அந்த நோய்தான் என்றார்கள். மருந்தை மாற்றினார்கள். கடைசி ஆறு வருடம் அண்ணன் ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனான்.

கிளம்பும்போது நர்ஸ் அவளையும் கேட்டார்: "கூடப்பிறந்தவங்ககிட்டயும் இதையெல்லாம் கேப்போம். உங்களுக்கு?"

"எனக்கா? படுத்தா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன், சிஸ்டர்."

கூடத்தில் அண்ணனோடு வேலை செய்த பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "ஒருநாள் மேனேஜர் லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாரு. காது வெளிய நின்னு கேக்கறான், 'சார், லிஃப்ட்ல சத்தமே இல்லையே, உங்க சத்தம்தான் கேக்குது, எதை ரிப்பேர் பண்ண?'"

எல்லாரும் மெல்லச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது, முடியவில்லை. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள். கையை உதறிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

கண்ணாடியில் முகம் பளிச்சென்று இருந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்தபோது அதே நர்ஸ் வந்திருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவள் எதிரில் போய்க் குனிந்து, பிறர் காதில் விழாமல் சொன்னாள்.

"சிஸ்டர், மூணு நாளா எனக்குத் தூக்கம் இல்ல. சோர்வும் இல்ல."

நர்ஸ் அவளை நிதானமாகப் பார்த்தார்.

"துக்கத்துலயும் தூக்கம் போகும்மா."

"இது அதுதானே? சொல்லுங்க, அதுதானே?"

"முகத்தைப் பாத்துச் சொல்ற விஷயம் இல்ல."

"எனக்கு நாப்பத்தினாலு ஆகுது. இதுக்கப்புறமுமா வரும்?"

"வயசு மட்டும் கணக்கில்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள இருக்கறவங்களுக்குத் தெரியாது. அன்னைக்கு உங்க அண்ணனுக்கே தெரியல, நீங்கதான் சொன்னீங்க. உங்க கூடவே இருக்கறவங்க ஒருத்தர்கிட்ட கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், 'நான் எப்பவும்போல இருக்கேனா'ன்னு மட்டும் கேளுங்க."

அவள் சமையலறைக்குப் போனாள். கணவர் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லக்கூடாது. நான் எப்பவும்போல இருக்கேனா?"

அவர் ஒரு டம்ளரை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"என்ன கேள்வி இது? அண்ணன் போயிருக்காரு. எல்லாம் அலைச்சல்தான். எடுத்துட்டுப் போற வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு, கொஞ்சம் படு."

"சரி" என்று திரும்பினாள். கதவோரம் வந்தவள் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய ஸ்கூட்டர் சாவியை அவர் சத்தம் வராமல் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். புது மருந்து பிடிக்கும்வரை, அண்ணன் தூங்காமல் துள்ளிய நாட்களில் அவன் வண்டிச் சாவியை எத்தனையோ முறை இப்படி எடுத்து வைத்தவர். கைக்குப் பழகியிருந்தது.

அவர் பார்ப்பதற்குள் அவள் நகர்ந்துவிட்டாள்.

கூடத்தில் யாரோ மெல்ல அழுதுகொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேராக நர்ஸிடம் போய் நின்றாள்.

"எல்லாம் முடிஞ்சதும் உங்ககூட வரட்டுமா, சிஸ்டர்?"

நர்ஸ் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை அவளுக்குக் காட்டினார்.