கொடி அறுந்த இடத்தில் குருவி

நாத்தனாருக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பேர். தீர்ப்பு சொல்லிவிட்டால் அப்பீலே கிடையாது. தம்பியும் தம்பி மனைவியும் அவள் வீட்டுக்கே குடிவந்த அன்று, லாரியிலிருந்து இறங்கிய மர அலமாரியைப் பார்த்ததுமே தீர்ப்பு வந்துவிட்டது.

“இந்த அழுக்குப் பிசாசு என் ஹாலுக்குள்ள வராது. ஞாயித்துக்கிழமை பழைய சாமான்காரர் வந்து தூக்கிட்டுப் போகட்டும்.” அந்தச் சாமான்காரரையும் கையோடு கூப்பிட்டு அலமாரியைக் காட்டிவிட்டாள்.

தம்பி மனைவி தையற்காரி. நான்கு டிராயர் வைத்த அந்த அலமாரி, அவள் முதன்முதலாகத் தைத்துச் சம்பாதித்துத் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள். நூல்கண்டும் பொத்தானும் அதில்தான் குடியிருந்தன. அதைப் போய்ப் பிசாசு என்றால் வயிறு எரியாதா?

“அண்ணி, அதுவரைக்கும் டைம் குடுங்க. ஹால்ல வைக்கிற மாதிரி ஆக்கிக் காட்டறேன். பிடிக்கலேன்னா நானே தூக்கிக் குடுத்துடறேன்.”

“ரோஷத்தைப் பாரு,” என்றாள் ஜட்ஜம்மா. “சரி, பாக்கலாம்.”

புருஷன் மெல்ல நழுவினான். அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்க அவனுக்கென்ன பைத்தியமா?

பின்வாசலில் அலமாரியைப் போட்டு, உப்புத்தாளால் தேய் தேயென்று தேய்த்தாள். தலையெல்லாம் தூசி. வெளிர்பச்சை பூசிக் காயவிட்டாள். அப்புறம்தான் ஸ்டென்சில், அதாவது இலையும் பூவும் வெட்டியெடுத்த பிளாஸ்டிக் தாள். டிராயர்களைக் கழற்றித் தரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, தாளை ஒட்டி, பிரஷ்ஷில் பெயின்ட்டைத் தொட்டும் தொடாமலும் எடுத்து ஒற்றினாள். மேலிருந்து கீழ்வரை ஒரே வெள்ளைக் கொடி வளைந்து வளைந்து இறங்கியது. தாளை உரித்தபோது அவள் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

சனிக்கிழமை டிராயர்களைச் சொருகினால், முதலாவதே பாதியில் முரண்டு பிடித்தது. கையால் செய்த அலமாரி. ஒவ்வொரு டிராயரும் அதனதன் இடத்தில்தான் போகும். நாலும் ஒரே அளவுதானே என்று இவள் இஷ்டத்துக்கு வைத்து வரைந்திருந்தாள். எல்லாம் அதனதன் இடத்துக்குப் போனதும் கொடி துண்டு துண்டாக நின்றது.

“பாம்பை வெட்டிப் போட்ட மாதிரி இருக்கு,” என்றாள் பின்னால் வந்து நின்ற ஜட்ஜம்மா. “நாளைக்குச் சாமான்காரர் வந்துடுவார், ஞாபகம் இருக்கட்டும்.”

எல்லாவற்றையும் தேய்த்து மறுபடி பூச நேரமில்லை. தையற்காரி அறுந்த கொடியைக் கிழிந்த துணியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். புதுச் சட்டை கிழிந்து வந்தால் என்ன செய்வாள்? கிழிசல் மேல் ஒரு பூ வைத்துத் தைப்பாள். வாங்கிப்போனவர்கள் இன்னொரு பூ கேட்டுத் திரும்பி வருவார்கள். அட, இவ்வளவுதானே!

அட்டையில் குருவி வரைந்து, பிளேடால் வெட்டியெடுத்தாள். கொடி அறுந்த முனைதோறும் ஒரு மஞ்சள் குருவியை ஒற்றினாள். கொடியைக் கொத்தி அறுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தன திருட்டுக் குருவிகள்.

ஞாயிறு காலை புருஷனும் அவளுமாக அதை ஹாலில் கொண்டுவந்து வைத்தார்கள். பழைய சாமான்காரரும் வந்தார். ஹாலைப் பார்த்தார், பின்வாசலை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து அலமாரி மேல் சாவகாசமாக முழங்கையை ஊன்றினார்.

“எங்கம்மா அந்த அழுக்கு அலமாரி? வேற யாருக்காவது குடுத்துட்டீங்களா?”

ஜட்ஜம்மா குருவிகளைப் பார்த்தாள், தம்பி மனைவியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டாள்.

“அது இனிமே இல்லைங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

“அப்ப இதையாவது குடுப்பீங்களா? ஜோரா இருக்கே.”

“முதல்ல கைய எடுங்க,” என்றாள் ஜட்ஜம்மா. “அது எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சது.”

டீ போடப் போன தையற்காரி, அடுப்பைப் பற்றவைக்க மறந்து சிரித்துக்கொண்டே நின்றாள்.