பனியை வழியனுப்பிய தம்பித்துரை

2005 மே மாதம், தென் ஜேர்மனியின் அல்கோய் மலைப்பாதை ஒன்றில் இறங்கி வந்த பனிச்சரிவு, தம்பித்துரை பொறுக்கச் சொன்னதால் அவருடைய காரின் கூரைக்கு ஒரு முழம் மேலே நின்றது. அந்த வாரம் முழுக்க, மரங்கள் பூத்த பிறகு, பருவம் தப்பிப் பனி கொட்டியிருந்தது. பனிச்சரிவு அபாயம் என்று பலகை வைத்துப் பாதையை மறித்திருந்தார்கள். தான் குடியிருந்த கெல்சென்கிர்ச்சன் நகரில் வருசக்கணக்காய்ப் பனி வழித்தவருக்கு அந்தப் பலகை தனக்குரியதாகப் படவில்லை. "எனக்குத் தெரியாத பனியோ?" என்று தடுப்பை நகர்த்திவிட்டு ஏறினார். அவர் அறிந்தது கார்க் கண்ணாடியில் சுரண்டுகிற பனி மட்டும்தான்.

புதுக் காரை மலையோடு சேர்த்துப் படம் பிடித்துக் கனடா மச்சானுக்கு அனுப்பவேண்டும் என்று அவர் இறங்கித் தூரப் போனார். மனைவி பாலாம்பிகை குளிருக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்தார். அப்போதுதான் மலைச்சரிவின் பனி முழுவதும் கழன்று வந்தது. தம்பித்துரை வேலையிடத்தில் பழகிப்போன பணிவோடு கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்கோ, அவ உள்ளுக்கை இருக்கிறா," என்றார். பனி பொறுத்தது.

பாலாம்பிகை கதவைத் திறந்து மேலே பார்த்தார், பிறகு புருசனைப் பார்த்தார். "வீட்டில உங்கடை சொல்லை ஒருத்தரும் கேக்கிறேல்லை. இது கேக்குதே!" என்றபடி குனிந்து வெளியே வந்தார்.

மீட்புப்படைக்காரர் பீலிக்ஸ் வந்து, கீழே ஊர் இருக்கிறது, பனியை மறித்தவரே இதை அனுப்பிவைக்க வேண்டும் என்றார். அந்த நாட்டில் அது நியாயமான பேச்சு. வீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற மாதிரி தம்பித்துரை நாலடி கூடவே நடந்து, "போட்டு வாங்கோ," என்றார். பனி வந்த வழியே மேலே ஏறிப் போனது.

அடுத்த மே மாதம் திரும்பி வந்தது. அதற்கடுத்த வருசமும் வந்தது. ஒவ்வொரு முறையும் தம்பித்துரை லீவு போட்டுப் போய், பொறுக்கச் சொல்லி, வழியனுப்பிவிட்டு வந்தார். 2008இல், 'போட்டு வாங்கோ' என்றால் போய்விட்டுத் திரும்பி வாருங்கள் என்று அர்த்தம் எனக் கேட்டறிந்த பீலிக்ஸ், ஊரின் பாதுகாப்புக்காக இனிமேல் வெறும் 'போ' மட்டும் சொன்னால் போதுமே என்று கெஞ்சினார்.

தம்பித்துரை மனைவியைப் பார்த்தார்.

"என்னை உயிரோடை விட்டிட்டு நிண்டது," என்றார் பாலாம்பிகை. "அதைப் போய், போ எண்டு கலைக்கிறதோ? வாய் கூசாதோ உங்களுக்கு?"

பீலிக்ஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மே மாதத்தில் பனி வந்துபோகிற அந்த ஒரு நாள் மட்டும் இன்றைக்கும் அந்தப் பாதையில் பேருந்து அரை மணி பிந்தி ஓடுகிறது.