வால்நுனி வெள்ளை

காலையிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அரிமளம் ஆத்மநாதன் குட்டி எடுக்க வருகிறார். இணை சேர்த்த ஆண் நாய்க்காரருக்குத்தான் முதல் தேர்வு. எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி.

என் கருப்பிக்கு இதுதான் கடைசி ஈத்து. அவளுக்குப் பிறகு கடலைக் கொல்லையில் இறங்கும் பன்றியை விரட்ட ஒரு நாய் வேண்டும். ஆறு குட்டிகளில் அதற்குத் தேறுவது ஒன்றே ஒன்று. வால்நுனி வெள்ளையாக, வெடிச் சத்தத்துக்கும் அசையாத பயல். அவனிடம்தான் வில்லங்கமும் இருந்தது. ஆத்மநாதனின் நாய் சடையனோடு சேர்த்துவிட்டு வந்த மறுநாளே கருப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் டீக்கடை நாயோடு நின்றாள். காது கிழிந்த அந்தத் தெருநாய்க்கும் வால்நுனி வெள்ளை. வேட்டை நாய் வம்சம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் இதை எந்த வாயால் சொல்வேன்?

ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் வெள்ளைவாலனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடி, கோழிப் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடினேன்.

“கோழியா அது, சும்மா கெடக்க?” என்றாள் என் மனைவி ரஞ்சிதா.

“நீ சும்மா கெடந்தாப் போதும்.”

ஆத்மநாதன் முற்றத்தில் குட்டிகளை எண்ணினார். “அஞ்சுதானா ஆனந்தராஜு?”

“அஞ்சுதாண்ணே.”

அவர் குட்டிகளைத் தொடவே இல்லை. ரஞ்சிதாவிடம் ஒரு தாம்பாளமும் கரண்டியும் வாங்கி ஓங்கித் தட்டினார். சத்தத்தைப் பார்த்து வருகிற குட்டிதான் பன்றிக்கும் முன்னால் நிற்குமாம். ஐந்தும் கருப்பியின் வயிற்றுக்கடியில் புகுந்தன. மறுபடி தட்டினார்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பஞ்சாரம் தத்தித் தத்தி வந்தது. கல்லில் இடறிச் சாய்ந்ததும் உள்ளேயிருந்தவன் தாம்பாளத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே பாய்ந்தான்.

ரஞ்சிதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆத்மநாதன் அவனைக் கையில் எடுத்தார். மானம் போனாலும் குட்டி போகக் கூடாது என்று உளறிக் கொட்டினேன்.

“அண்ணே, அது சடையனுக்குப் பொறந்தது இல்ல. டீக்கடை நாய்க்குப் பொறந்தது. வாலப் பாருங்க!”

வாலைப் பார்த்தார். சிரித்தார். “சடையன் என்ன அரமனையிலயா பொறந்தான்? திருமயம் பஸ் ஸ்டாண்டு நாய் போட்ட குட்டிதான் அவன்.” குட்டியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். “நீ ஒளிச்சு வச்சதே போதும்டா. இதவிட ஒசத்தியா ஒரு சோதன உண்டா?”

பொய்யும் சொல்லி உண்மையும் சொல்லி இரண்டிலும் தோற்றவன் நான் ஒருத்தன்தான்.

ஸ்கூட்டர் கிளம்பியது. குட்டி ஒரு முனகல்கூட முனகவில்லை. கருப்பிதான் தெருமுனைவரை பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன்.

திரும்பும்போது டீக்கடை வாசலில் அந்தக் காது கிழிந்த நாய் படுத்திருந்தது. இத்தனை நாள் கல்லெடுத்து விரட்டிய நாய். ஒரு பொறை வாங்கிப் போட்டேன். தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது.

“வீட்டுக்கு வாரியாடா?” என்றேன்.