மூன்று இலக்க மாப்பிள்ளை

மனித குலத்தின் வீழ்ச்சி நம்பர் பிளேட்டில்தான் தொடங்கியது என்பதை உலகிலேயே முதலில் கண்டறிந்தவன் யோஸ்ட் ரீனர். மான் விடுதியின் நடு மேசையில் நிரம்பிய பீர்க் குவளையோடு எழுந்து நின்று இதை அறிவித்தான். சூரிச் வரை போய்த் தத்துவம் படித்தவன் என்பதால் யாரும் குறுக்கே பேசவில்லை. வெளியே மழை வேறு. எழுந்து போகவும் வழியில்லை.

"நெருப்பு, சக்கரம் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. அப்புறம் எவனோ அந்தச் சக்கரத்துக்கு மேல தகட்டை மாட்டி நம்பர் எழுதினான். அன்னிக்கே மனுஷன் முடிஞ்சான். என் கார்ல அஞ்சு இலக்கம் இருக்கு. என்ன நம்பர்னு கேளுங்க."

"என்ன நம்பர்?" என்றார் கசாப்புக் கடைக்காரர் கேபி ஹெஃப்டி.

"தெரியாது! அதுதான் விடுதலை. இங்க இருக்கறவங்க பொண்டாட்டியைக் கொஞ்சறதைவிடத் தகட்டைத்தான் அதிகம் கொஞ்சறாங்க."

கிளாருஸ் பள்ளத்தாக்கில் இப்படிப் பேசுவது தேவாலயத்தில் உட்கார்ந்து சீட்டாடுவதற்குச் சமம். அங்கே எண் காருக்குச் சொந்தமில்லை, ஆளுக்குச் சொந்தம். காரை விற்கிறவன் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய் அடுத்த காரில் மாட்டுவான். குடும்பத்துக்குள் கைமாற்றியும் விடலாம். ஆகவே எண் சிறியதாக இருந்தால், அது தாத்தா காலத்திலேயே கார் பார்த்த வீடு என்று அர்த்தம். இல்லையென்றால் ஏலத்தில் எடுத்த புதுப் பணக்காரர் வீடு. எது எந்த வீடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

பக்கத்து மேசையில் யோஸ்டின் மாமனார் ஃப்ரிட்லி எல்மர் உட்கார்ந்து சாசேஜை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். மர ஆலை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். அவர் எண் 312. அப்பாவிடமிருந்து வந்தது.

"மாப்ளை நல்லாப் பேசறார்," என்றார். அடுத்த துண்டை வெட்டினார்.

அடுத்த வசந்தத்தில் ஃப்ரிட்லி வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். அந்த வயதுக்காரர்கள் தொடர்ந்து ஓட்டுவதென்றால் அதில் தேற வேண்டும். டாக்டர் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்ல, இவர் "எந்தச் சுவர்?" என்று கேட்டதாக ஊரில் பேச்சு. அந்த வாரமே உரிமத்தைத் தானாகக் கொடுத்துவிட்டார். காரை விற்றார். தகடுகளைப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்தார். கொஞ்ச காலம் அவர் பெயரில் வைத்திருப்பார்கள். குடும்பத்தில் யாரும் கேட்காவிட்டால் எண் ஏலத்துக்குப் போய்விடும்.

ஏலத்துக்காகவே உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவர் கேபி. ஃப்ரிட்லியின் உடல்நலம் விசாரிக்க ஒரு சரம் சாசேஜோடு வந்தார். அடுத்த வாரமும் விசாரிக்க வந்தார்.

எல்மர் வீட்டுக்கு ஒரே மகள் ரேகுலா. அவளுக்கு ரயிலும் சைக்கிளும் போதும், கார் கிடையாது. கார் இல்லாமல் எண்ணை மாட்ட இடம் ஏது? குடும்பத்தில் மிச்சமிருந்த ஒரே கார் யோஸ்டுடையது.

"அப்பா உன்கிட்ட கேக்கவே மாட்டார்," என்றாள் ரேகுலா.

"ஏன்?"

"அத்தனை பேர் முன்னாடி பிரசங்கம் பண்ணியே! மாப்ளைக்குக் கொள்கைன்னு ஒண்ணு இருக்கு, நாம அதைக் கெடுக்கக் கூடாதுங்கறார்."

"நல்ல மனுஷன்."

"தினமும் காலையில கராஜைத் திறந்து காலி இடத்தைப் பாத்துட்டு மூடிட்டு வர்றார், யோஸ்ட்."

யோஸ்ட் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தான். சிந்தனையாளர்களுக்கு இது வழக்கம்தான்.

"நேத்து கேபி மறுபடி வந்தான். இந்தத் தடவை ஈரல் சாசேஜ்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் விருந்து. பச்சைப் பாலாடைக்கட்டி துருவிப் போட்ட மக்ரோனி. யோஸ்ட் இரண்டாவது தட்டு முடியும்வரை வானிலை பற்றிப் பேசினான். பேச அதிகம் இல்லாத வானிலை.

"மாமா, அந்த நம்பர் விஷயம்..."

"எந்த நம்பர்?"

"முன்னூத்திப் பன்னெண்டு."

"ஓ, அதுவா! வெறும் தகடு மாப்ளே, விடுங்க."

"எனக்கு அதுல ஆசையெல்லாம் இல்ல."

"தெரியும். ஊருக்கே தெரியும்."

"சமூகப் பொறுப்போட கேக்கறேன். அது வெளிய போனா கேபி கையில சிக்கும். ஒரு நல்ல கசாப்புக்காரர் கெட்டுப் போவார். என்கிட்ட இருந்தா யாருக்கும் ஆபத்தில்ல. எனக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு."

ஃப்ரிட்லி முள்கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நம்பரை நீங்க கேக்கறீங்க."

"ஒரு விதத்துல."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. உங்க அத்தைக்குக் காது மந்தம்."

"எனக்கு நல்லாவே கேக்குது," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

யோஸ்ட் தட்டைப் பார்த்துக்கொண்டே உரக்கச் சொன்னான். "அந்த நம்பரை எனக்குக் குடுங்க, மாமா."

ஃப்ரிட்லியின் முகம் காதுவரை சிவந்தது. மூக்கைச் சிந்துவதற்காக எழுந்து போனவர், சிந்திவிட்டு வர வெகுநேரம் ஆனது. வரும்போது கையில் பழச் சாராயமும் நாலு குவளைகளும் இருந்தன.

"கேபி வந்தா என்னப்பா சொல்றது?" என்றாள் ரேகுலா.

"சாசேஜ் நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

மறுநாளே மாமனாரும் மாப்பிள்ளையும் அலுவலகம் போய் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

தகடு மாட்டிய முதல் நாளில் எதிரே வந்த பால் வண்டிக்காரர் கையை உயர்த்தினார். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று யோஸ்ட் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பாலத்தருகே தபால் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. ஐந்து இலக்க வாழ்க்கையில் அந்த பஸ் அவனுக்கு ஒருநாளும் ஒதுங்கியதில்லை. மரியாதைக்காக அவனும் கையை உயர்த்தினான். ஒரு மாதத்தில், எதிரே வருகிறவர் உயர்த்துமுன்னரே உயர்த்தினான். இதைப் பழக்கவழக்கங்கள் குறித்த கள ஆய்வு என்று ரேகுலாவிடம் விளக்கினான்.

"ஆய்வு எப்ப முடியும்?" என்றாள் அவள்.

"தரவு போதல."

செப்டம்பரில் மலை மேய்ச்சல் முடிந்து மாடுகள் ஊருக்கு இறங்கின. தலையில் பூ, கழுத்தில் பானை அளவு மணி. சாலை நின்றது. யோஸ்டும் காரை நிறுத்தினான். பக்கத்து இருக்கையில் ஃப்ரிட்லி, அவ்வளவு மணியோசையிலும் வாயைத் திறந்தபடி நல்ல உறக்கத்தில் இருந்தார். மந்தை காரை உரசிக்கொண்டு போனது. அதில் பெரிய பசு ஒன்று காரின் முன்னால் நின்று, யோசித்து, தன் கடமையை முடித்துவிட்டு நகர்ந்தது. பம்பர், விளக்கு, கதவு என்று எங்கும் தெறித்தது.

எண் தெளிவாகத் தெரிய வேண்டும், மறைந்திருந்தால் அபராதம் என்பது சட்டம். யோஸ்ட் சட்டத்தை மதிப்பவன். இடம் வலம் பார்த்தான். ஓசைப்படாமல் கதவைத் திறந்து இறங்கினான். குனிந்து, சட்டைப் பையிலிருந்த சலவைக் கைக்குட்டையால் மூன்று, ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தான். மூன்றின் உள்வளைவில் சிக்கியிருந்ததை நகத்தால் எடுத்தான். பம்பரையும் விளக்கையும் கதவையும் அப்படியே விட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் போனான். அங்கே தகட்டில் ஒரு துளிகூடத் தெறித்திருக்கவில்லை.

கைக்குட்டையைச் சுத்தமான பக்கம் திருப்பி மடித்து, அதையும் துடைத்தான்.