அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது

டாக்டரம்மா ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வெளிநாட்டில் பல் மருத்துவம் படித்துத் திரும்பியவர். வாயைத் திறந்தால் ப்ளீஸ், தேங்க் யூ, சாரிதான்.

"அந்தம்மா பேச்சு மரத்துப்போற ஊசி மாதிரி. பல்லு போனதே வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரியும்" என்பார் பல்செட் மாமா. பின்னறையில் மெழுகும் மாவுமாக உட்கார்ந்து பொய்ப்பல் செய்பவர்.

வரவேற்பில் இரண்டு பெண்கள். பழையவளுக்குப் பெயர் சீனியர். சமீபத்தில் சேர்ந்தவள் புதுசு. ஒரு காலையில் டாக்டரம்மா இருவரையும் உள்ளே கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து வரவேற்புக்கு ஒருவர் போதுமாம். யாரை இழந்தாலும் தன் மனசு தாங்காதாம்.

"எவ்வளவு தங்கமான மனசுக்கா!" என்று வெளியே வந்ததும் உருகினாள் புதுசு.

சீனியர் கணக்குப் போட்டாள். வேலை போனால் பகல் முழுக்க மாமியாரின் வாய்க்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். இந்தப் பெண்ணோ கெட்டிக்காரி. நடுங்கிக்கொண்டு வரும் நோயாளிகூட இவள் சிரிப்பைப் பார்த்து வாயைத் திறந்துவிடுகிறார். இவளிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். டாக்டரம்மாவின் இங்கிலீஷ் புரியும், டாக்டரம்மா புரியாது.

அன்றைக்கே டாக்டரம்மா எட்டிப் பார்த்து, பழைய எக்ஸ்ரேக்களை அடுக்கச் சொன்னார். "நோ ரஷ். வெனெவர் யூ ஹேவ் அ மொமென்ட்."

"உடனே பண்ணணுமாக்கா?"

மதியச் சாப்பாட்டுக்கு முன் மேஜையில் இருக்க வேண்டும் என்பது சீனியருக்குத் தெரியும். "அவசரமில்லையாம். நேரம் கிடைக்கும்போது பண்ணுன்னு சொல்றாங்க" என்றாள். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மறுநாள் எக்ஸ்ரேக்கள் அப்படியே கிடந்தன. டாக்டரம்மா புன்னகைத்தார். "நெவர் மைண்ட்."

அந்த வாரக் கடைசியில் நோயாளிகள் குவிந்தார்கள். மாலையில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் இருக்க விருப்பமா என்று புதுசிடம் கேட்டார் டாக்டரம்மா. புதுசு சீனியரின் காதருகே குனிந்தாள்.

"அக்கா, பாப்பாவுக்குக் காய்ச்சல். முடியாதுன்னு சொன்னா தப்பா எடுத்துக்குவாங்களா?"

"விருப்பமான்னுதானே கேக்குறாங்க? இருன்னு சொல்லலையே. மனசுல உள்ளதைச் சொல்லு. கூட ஒரு தேங்க் யூ போட்டுக்கோ."

"நோ, தேங்க் யூ மேடம். பாப்பாவுக்குக் காய்ச்சல்" என்றாள் புதுசு, பளிச்சென்று.

"ஆஃப் கோர்ஸ்! குழந்தைதான் முக்கியம்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

பின்னறையிலிருந்து பல்செட் மாமா தலையை நீட்டினார். "ஏம்மா சீனியர், அந்தப் புள்ளைக்கு வெவரம் சொல்லக்கூடாதா?"

"நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லியிருந்தா ஒரு நாள் மாட்டிக்குவே. இதுல நீ மாட்டவே மாட்டேம்மா." தலை உள்ளே போய்விட்டது.

மாதக் கடைசியில் புதுசை அறைக்குள் அழைத்து, அணைத்து, அவளோடு வேலை பார்த்தது மிகுந்த சந்தோஷம் என்றார் டாக்டரம்மா. ஏதாவது இருந்தால் கூப்பிடுவதாகவும் சொன்னார். புதுசு பூரித்துப்போய் வெளியே வந்தாள்.

"என்னை மறுபடி கூப்பிடுவாங்களாம்க்கா! அதுவரைக்கும் எதிர்த்தாப்புல துணிக்கடையில ஒரு வேலை இருக்கு, போகட்டுமா?"

அந்த இடத்தில் சீனியர் பேசாமல் இருந்திருக்கலாம். வேலைதான் கைக்கு வந்துவிட்டதே. ஆனால் இந்தப் பெண் எதிர்க்கடையில் நின்றால் தினமும் பார்க்க வேண்டும்; என்றாவது ஒருநாள் இவளுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"அவங்க கூப்பிடுறப்ப நீ வேற இடத்துல இருந்தா மரியாதையா இருக்குமா? காத்திரு."

புதுசு காத்திருந்தாள். சில வாரம் கழித்து வரவேற்பில் போன் அடித்தது.

"அக்கா, நான்தான். துணிக்கடையில வேற ஆள் போட்டுட்டாங்க. வீட்டுல கஷ்டமா இருக்கு. டாக்டரம்மா எப்பக்கா கூப்பிடுவாங்க?"

எதிரே டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். சீனியர் குரலில் தேனைக் குழைத்தாள். "ஐ'ம் அஃப்ரெய்ட் டாக்டர் இஸ் பிஸி. தேங்க் யூ ஸோ மச் ஃபார் காலிங்."

மறுமுனையில் குழந்தை சிணுங்கியது. அப்புறம் புதுசு, மெல்ல, அதே இங்கிலீஷில் சொன்னாள்: "தேங்க் யூ, மேடம்."

சீனியர் போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பினாள்.