டி டிரைவில் என் பேர்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை வாங்கின அன்றைக்கே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். சி விண்டோஸுக்கு, டி எனக்கு, ஈ பென்னி சேட்டனுக்கு. பென்னி சேட்டன் என் கணவர் ஜோமோனின் அண்ணன். கத்தாரில் ஏதோ ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தவர். இருஞ்ஞாலக்குடையிலேயே கம்ப்யூட்டர் தெரிந்தவர் தான் ஒருத்தர்தான் என்று நினைப்பு. டி டிரைவுக்கு 'ரின்சி' என்று என் பேரை வைத்தவரும் அவரேதான். இந்த வீட்டில் என் பேர் எழுதியிருந்த ஒரே இடம் அது.

அதற்குள் வீட்டு ஃபோட்டோ, வீடியோவோடு என் எம்பிராய்டரி டிசைன்கள் இருந்தன. சாமியார்களின் பூசை உடுப்புக்கும் கல்யாணப் பிளவுசுக்கும் தையல் தையலாக நானே வரைந்து சேர்த்தவை. மாதா கோவில் வாசலில் பூட்டிக் கிடந்த கடையை எனக்கே தருவதாக மடத்துச் சிஸ்டர்கள் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை டிசைன்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து சி நிரம்பி, திரையில் அதன் பட்டை சிவப்பாகிவிட்டது. எம்பிராய்டரி சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. வேறு வழியில்லாமல் சேட்டனைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட வாயை என்ன செய்தால் தகும்!

சிக்கு இடம் வேண்டும், டியிலிருந்து எடுக்கலாம் என்றார். ஈ முழுக்க அவருடைய சினிமாதானே, அதிலிருந்து எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"ஈ எங்கேயோ கடைசியில கெடக்கு மோளே. சிக்குப் பக்கத்து வீடு டிதான். நீ பாதி குடு, போதும்."

கொடுத்தேன். டியைச் சுருக்கினார். நான் கொடுத்த பாதி, டிக்குப் பின்னால் ஈ பக்கமாக, யாருக்கும் சேராத கறுப்புப் பட்டையாகப் போய் விழுந்தது. சிக்கும் அதற்கும் நடுவில் மிச்சமிருந்த என் டி வரப்பு மாதிரி நின்றது. ஒட்டினாற்போல் இருக்கும் இடத்தைத்தான் சி எடுத்துக்கொள்ளுமாம். அது சுருக்கின பிறகுதான் கத்தார்க்காரருக்குத் தெரிந்தது.

அப்படியானால் டியை மொத்தமாக அழித்துவிட வேண்டியதுதான், உள்ளே இருப்பதை முதலில் ஈக்கு மாற்றலாம் என்றார். ஈயில் அவ்வளவு இடமில்லை. நாலு சினிமாவை அழியுங்கள் என்றேன். தேடித் தேடிச் சேர்த்ததாம், முகம் சுருங்கிப் போயிற்று. என்னுடையது மட்டும் வானத்திலிருந்து விழுந்ததா? சாலக்குடியில் என் தங்கையிடம் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, நாளைக்கு வாங்கி வருகிறேன், அதுவரை தொட வேண்டாம் என்றேன். தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை நம்பி ஜெபமாலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது சேட்டன் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார். சி நீலமாகியிருந்தது.

"முக்கியமானதெல்லாம் ஈக்கு மாத்தியாச்சு. கல்யாண ஃபோட்டோ, ஞானஸ்நான வீடியோ, எல்லாம் பத்திரம்."

"என் டிசைன்?"

"அந்தப் பொடிப்பொடி ஃபைலா? ஒண்ணைத் தட்டினேன், தெறக்கல. இன்னொண்ணு, அதுவும் தெறக்கல. கெட்டுப்போனதுன்னு விட்டுட்டேன்."

சி நிரம்பினதால்தான் திறக்கவில்லை. அதைச் சரிபண்ணத்தானே இந்த மனிதனை உட்கார வைத்தேன்! வாய்க்கு வந்தபடி கத்தினேன். ஜோமோன் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"சேட்டன் உனக்காகத்தானே உக்காந்தாரு. மறுபடி வரைஞ்சுக்கோடி."

ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவர் சொல்கிறார்.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரி ஃபெமினா ஆறுதலாகத்தான் பேசினாள். அழித்த உடனே எதுவும் போய்விடாது, அந்த இடத்தில் வேறெதையும் வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. மனசுக்குள் சிஸ்டர்களிடம் பேசவே ஆரம்பித்துவிட்டேன்.

அவள் பெட்டியைப் போட்டுப் பார்த்தாள். சிக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மீதியில் சேட்டன் புதிதாக ஒரு டி உண்டாக்கியிருந்தார். மறக்காமல் அதற்கு 'ரின்சி' என்றே பேரும் வைத்திருந்தார். ஃபெமினா அதைத் திறந்தாள். உள்ளே விளிம்புவரை சினிமா. ஈ நெருக்கமாக இருக்கிறதென்று ராத்திரியே இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்.

ஃபெமினா திரையிலிருந்த பேரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இது உங்க டிரைவ்தானே சேச்சி?"

பேர் மட்டும் என்னுடையது என்றேன்.